கொலரத்தூரா சோப்ரானோ: மார்செல்லா செம்பிரிக்கின் குரல் வழியே ஓர் எளிய அறிமுகம்

பெண் குரல்களில் மிக உயர்ந்தது சோப்ரானோ. அந்த உயரத்தில் நின்றபடியே வேகமான ஸ்வரக் கோவைகளைச் சிதறாமல் பாடக்கூடிய குரலைக் கொலரத்தூரா சோப்ரானோ என்பார்கள். கொலரத்தூரா என்ற இத்தாலியச் சொல்லுக்கு வண்ணம் ஏற்றுதல் என்று பொருள். மெட்டின் மேல் அலங்காரங்களைப் பூட்டிப் பாடுவதை அது குறிக்கிறது. ஓப்பராவை, அதாவது மேற்கத்திய இசை நாடகத்தைப் புதிதாகக் கேட்பவர்கள், கொலரத்தூரா என்றாலே காதைத் துளைக்கும் உச்ச ஸ்வரம் என்று எண்ணிக்கொள்கிறார்கள். உச்சம் இந்தக் குரலின் எல்லைக்கல் மட்டுமே. கீழிருந்து அந்த எல்லைவரை குரலின் நிறம் மாறக் கூடாது. நொடிக்கு எட்டு, ஒன்பது ஸ்வரங்கள் ஓடும்போதும் ஒவ்வொன்றும் கோத்த முத்துபோல் தனியாகக் கேட்க வேண்டும். உண்மையான உழைப்பு அங்கேதான் இருக்கிறது.

இதைப் புரிந்துகொள்ள போலந்துப் பாடகி மார்செல்லா செம்பிரிக் மிகப் பொருத்தமான எடுத்துக்காட்டு. பாட வருவதற்கு முன்பே அவர் தேர்ந்த வயலின், பியானோ கலைஞர். மேடையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் குரல் கெடாமல் பாடினார். ஒலிப்பதிவின் தொடக்கக் காலத்தில் இசைத்தட்டுகள் கொடுத்தார். பிறகு மாணவிகளுக்குக் கற்றுக்கொடுத்தார். ஒரு குரல் எப்படி உருவாகிறது, எப்படி நீடிக்கிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் அவர் வாழ்க்கையில் விடை கிடைக்கிறது.

முதலில் எவ்வளவு உயரம் என்று பார்த்துவிடலாம். பியானோவின் நடு 'சி' ஏறத்தாழ 262 ஹெர்ட்ஸ். நம் கணக்கில் ஒரு கட்டை. சோப்ரானோவின் வழக்கமான எல்லை அங்கே தொடங்கி, இரண்டு ஸ்தாயி மேலே உள்ள 'சி' (சுமார் 1,047 ஹெர்ட்ஸ்) வரை போகிறது. 5 கட்டையில் பாடும் ஒரு கர்நாடக இசைப் பாடகி மேல் ஸ்தாயிப் பஞ்சமத்தைத் தொடும்போது அது 587 ஹெர்ட்ஸ்தான். அதற்கு மேல் இன்னும் கிட்டத்தட்ட ஒரு ஸ்தாயி ஏறினால் சோப்ரானோவின் உயர் 'சி' வரும். கொலரத்தூரா குரல் அதையும் தாண்டி 'ஈ பிளாட்' (1,245), 'எஃப்' (1,397) வரை போக வேண்டியிருக்கும். மோட்சார்ட் 1791-இல் எழுதிய 'மாயப் புல்லாங்குழல்' ஓப்பராவில் இரவின் ராணி பாடும் இரண்டாவது பாட்டில் அந்த 'எஃப்' நான்கு முறை வருகிறது. அப்போது குரல்நாண்கள் நொடிக்கு 1,400 முறை அதிர்கின்றன. ஒரு சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும் நீளமுள்ள சிறு சதை மடிப்புகள் செய்யும் வேலை இது.

சோப்ரானோக்களுக்குள்ளும் பிரிவுகள் உண்டு. துடுக்கான பணிப்பெண் வேடங்களுக்குரிய மெல்லிய குரல் சுப்ரெத். நீண்ட, இழைந்த மெட்டுகளுக்கு லிரிக். லிரிக்கின் இனிமையோடு, தேவைப்படும்போது வாத்தியக் குழுவைக் கிழித்துக்கொண்டு வரும் அழுத்தமும் சேர்ந்தால் ஸ்பிந்தோ. ஜெர்மானிய இசையமைப்பாளர் வாக்னரின் பெரும் வேடங்களுக்கான கனத்த குரல் டிரமாட்டிக். இவை பெட்டி பெட்டியாகப் பிரிந்து நிற்பவை அல்ல. ஒரே பாடகி வயதோடு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நகரலாம்.

வயலினிலிருந்து குரலுக்கு

செம்பிரிக்கின் இயற்பெயர் பிரக்ஸெதா மார்செலினா கோஹான்ஸ்கா. 1858 பிப்ரவரி 15 அன்று வீஷ்னியெவ்சிக் என்ற ஊரில் பிறந்தார். அன்று அது ஆஸ்திரியப் பேரரசின் ஆட்சியிலிருந்த கலீசியாவைச் சேர்ந்தது. இன்று உக்ரைனில் இருக்கிறது. 'செம்பிரிக்' அவருடைய தாயின் பிறந்தவீட்டுப் பெயர். அதையே மேடைப்பெயராக வைத்துக்கொண்டார். தந்தை இசைக்கலைஞர், பியானோவையும் வயலினையும் சிறு வயதிலேயே கற்றுக்கொடுத்தார். பிறகு லெம்பெர்க் (போலிஷில் ல்வூஃப், இன்றைய லிவீவ்) இசைப்பள்ளியில் வில்ஹெல்ம் ஸ்டெங்கலிடம் பியானோ படித்தார். அந்த ஆசிரியரையே 1877-இல் மணந்தார். படிப்புக் காலத்தில் பியானோ மேதை பிரான்ஸ் லிஸ்ட்டின் முன்னிலையில் பியானோ, வயலின், பாட்டு மூன்றையும் நிகழ்த்திக் காட்டியபோது, பாட்டைப் பிடித்துக்கொள்ளும்படி லிஸ்ட் சொன்னார். வியன்னாவில் குரல் பயிற்சி தொடங்கியது. அதன்பின் மிலான் சென்று ஜொவான்னி பத்திஸ்தா லம்பெர்த்தியிடம் பயின்றார்.

இந்த வயலின் பின்னணி வெறும் வாழ்க்கைக் குறிப்பு என்று கடந்துபோகக் கூடாதது. பியானோவில் கட்டையை அமுக்கினால் சுருதி தானாக வந்துவிடும். வயலினில் விரல் ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் அபஸ்வரம். அதனால் வயலின் கற்றவரின் காது அடுத்த ஸ்வரத்தை முன்கூட்டியே கேட்டுவிடப் பழகுகிறது. கொலரத்தூராவுக்கு வேண்டியது அதே காதுதான். குரல்வளையைக் கண்ணால் பார்க்க முடியாது, கையால் தொட்டு நகர்த்தவும் முடியாது; மனம் எந்தச் சுருதியைக் கேட்கிறதோ அதை நோக்கித்தான் அது போகும். வில்லுக்கும் மூச்சுக்கும் உள்ள உறவும் அப்படியே. வில்லை அழுத்தி இழுத்தால் கீச்சிடும், தளர்த்தினால் ஒலி உதிரும். மூச்சிலும் அதே கணக்கு.

அலங்காரத்தின் உறுப்புகள்

கொலரத்தூராப் பாட்டு ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் சில உறுப்புகள் திரும்பத் திரும்ப வரும். ஏறுவரிசை, இறங்குவரிசையாக ஓடும் ஸ்வரக் கோவை. ஒன்றுவிட்டு ஒன்று தாவும் ஆர்பெஜியோ. தெறித்து விழும் ஸ்டக்காட்டோ. ஒரு ஸ்வரத்தை மேலும் கீழும் சுற்றி வரும் குருப்பெட்டோ. அடுத்தடுத்த இரண்டு ஸ்வரங்களுக்கு இடையே வேகமாக மாறி மாறி அசையும் ட்ரில். ஒரே ஸ்வரத்தை மெல்லத் தொடங்கி, பெருக்கி, மறுபடி மெல்லியதாக்கும் மெஸ்ஸா தி வோச்சே. இவற்றில் கடைசியாகச் சொன்னதுதான் மிகக் கடினம் என்பது எங்கள் கருத்து. வேகம் பல குறைகளை மறைத்துவிடும், நின்ற ஸ்வரம் எதையும் மறைக்காது.

கர்நாடக இசையின் வேகமான ஸ்வர உதிர்ப்பான பிருகாவைக் கேட்டுப் பழகிய காதுக்குக் கொலரத்தூரா அந்நியமாக இருக்காது. ஆனால் ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகத்தில் இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவே உள்ள வழியும் இசைதான். கொலரத்தூராவில் அந்த வழி கேட்கக் கூடாது. ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்குப் படிக்கட்டுபோல் ஏற வேண்டும், ஆனால் காற்றின் ஓட்டம் அறுபடவும் கூடாது.

தவறு நேரும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. புதியவர்கள் ஸ்வரங்களைப் பிரித்துக்காட்ட ஒவ்வொன்றின் முன்னும் ஒரு 'ஹ' போடுவார்கள். ஆ-ஹ-ஹ-ஹா என்று பாடும்போது ஒவ்வொரு 'ஹ'விலும் குரல்நாண்கள் திறந்து காற்று வீணாகும். நீண்ட கோவையின் முடிவுக்குள் மூச்சு தீர்ந்துவிடும். இன்னும் சிலர் தாடையை ஆட்டியே ஸ்வரத்தை மாற்றுவார்கள். கண்ணாடி முன் நின்று கன்னத்தில் ஒரு விரலை வைத்துப் பாடினால் அது உடனே பிடிபடும். ட்ரில்லில் வரும் பொதுவான கோளாறு, இரண்டு ஸ்வரம் கேட்க வேண்டிய இடத்தில் ஒரே ஸ்வரம் ஆட்டுக்குட்டி கத்துவதுபோல் விட்டு விட்டு ஒலிப்பது. நல்ல குரலில் இயல்பாக உள்ள அசைவான விப்ராட்டோவை ட்ரில் என்று நம்பிவிடுவதும் உண்டு. விப்ராட்டோ நொடிக்கு 5 முதல் 7 அசைவு; விரிவு, ஸ்வரத்தின் இருபுறமும் ஏறத்தாழ அரைச் ஸ்வரத்தில் பாதி. ட்ரில் என்றால் அரைச் ஸ்வரமோ முழுச் ஸ்வரமோ, இரண்டு முனைகளும் தெளிவாகக் கேட்க வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய மேடு, நெஞ்சுக்குரல் போன்ற ஒரு குரல்நிலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடம். இத்தாலியர்கள் அதைப் பஸ்ஸாஜ்ஜோ, அதாவது கடவை என்கிறார்கள். சோப்ரானோவுக்கு நடு 'சி'க்குச் சற்று மேலே ஒரு கடவையும், அதற்கு ஒரு ஸ்தாயி மேலே 'ஈ', 'எஃப்' அருகில் இன்னொன்றும் இருக்கும். கீழிருக்கும் நெஞ்சுக்குரலின் கனத்தை அப்படியே மேலே இழுத்துக்கொண்டு போனால் இரண்டாவது கடவையில் குரல் உடையும், அல்லது கத்தலாகும். ஏறுவதற்கு நாலைந்து ஸ்வரம் முன்பே கனத்தைக் குறைத்துவிட வேண்டும்.

மூச்சு

லம்பெர்த்தி குடும்பத்தின் பாடமுறைக்கு மூச்சே அடித்தளம். ஜொவான்னியின் தந்தை ஃபிரான்செஸ்கோ லம்பெர்த்தி இதை 'குரல் போராட்டம்' என்று விவரித்தார். காற்றை வெளியே தள்ளும் தசைகளும் உள்ளே இழுத்த தசைகளும் ஒன்றையொன்று எதிர்த்து நிற்க, காற்று சிக்கனமாகக் கசிகிறது. நுரையீரலை முட்ட நிரப்பிக்கொள்வதால் மட்டும் நீண்ட கோவை பாட முடியாது; அதிகக் காற்று குரல்நாண்களுக்குக் கீழே அழுத்தத்தைக் கூட்டி, சுருதியைத்தான் உயர்த்திவிடும்.

செய்து பார்க்க எளிய வழி இருக்கிறது. இரண்டு கைகளையும் கீழ் விலாவின் பக்கவாட்டில் வையுங்கள். 4 எண்ணும்வரை மூக்கால் இழுங்கள். விலா கைகளைத் தள்ளும். 4 எண்ணும்வரை தொண்டையை மூடாமல், காற்றை அப்படியே நிறுத்துங்கள். 4 எண்ணும்வரை 'ஸ்ஸ்' என்று விடுங்கள். பிறகு இடைவெளி இல்லாமல் 5, 6, 7 என்று ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள். காற்றை விடும்போது விலா சட்டென்று உள்ளே விழக் கூடாது. தலை சுற்றினால் உடனே நிறுத்திவிடுங்கள்.

அடுத்து ஸ்வரம். தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, வசதியான ஒரு நடுச் சுருதியில் ச ரி க ம ப ம க ரி ச என்று ஒன்பது ஸ்வரங்களை 'ஆ' என்ற உயிரில், தட்டுக்கு ஒன்றாகப் பாடுங்கள். மேற்கத்திய மேஜர் வரிசை என்பது நம் சங்கராபரணத்தின் ஸ்வரங்களே. ஒரே மூச்சில் ஒன்பது நொடி சுத்தமாக வந்தால் தட்டுக்கு இரண்டு. அதுவும் வந்தால் நான்கு. அலைபேசியில் பதிந்து பாதி வேகத்தில் ஓட்டிக் கேளுங்கள். பெரும்பாலும் இறங்கும்போது காந்தாரம் தாழ்ந்திருக்கும். மங்கல் தெரிந்த வேகத்திலிருந்து ஒரு படி கீழே இறங்கி அங்கேயே பழக வேண்டும்; வேகம் தானாக வரும். ஒரு தடவைக்கு 15 நிமிடம் போதும். மறுநாள் காலையில் மெல்லிய உயர் ஸ்வரம் வர மறுத்தால் முந்தைய நாள் அளவு மிஞ்சிவிட்டது என்று பொருள். கரகரப்பு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

மேடையில்

செம்பிரிக் முதன்முதலில் ஓப்பரா மேடை ஏறியது 1877-இல், ஏதென்ஸில், பெல்லினியின் 'இ பூரித்தானி'யில் எல்விராவாக. 1878-இல் டிரெஸ்டன், 1880-இல் லண்டன் காவென்ட் கார்டன். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓப்பரா 1883 அக்டோபர் 22 அன்று திறக்கப்பட்டது. அதன் இரண்டாவது நிகழ்ச்சியில், அக்டோபர் 24 அன்று, தோனிசெத்தியின் லூச்சியாவாகச் செம்பிரிக் பாடினார்.

லூச்சியாவைத் தெரிந்துகொண்டால் கொலரத்தூரா எதற்காக என்பது விளங்கிவிடும். அண்ணனின் வற்புறுத்தலால் விருப்பமில்லாத மணம். முதலிரவு அறையில் கணவனைக் குத்திவிட்டு, சித்தம் கலங்கியவளாக விருந்தினர் முன் வருகிறாள். அங்கே வரும் நீண்ட காட்சியில் அலங்காரம்தான் அவளுடைய மனப்பிறழ்வு. நேரான மெட்டு நினைவு தப்பி, உதிரி உதிரியாகி, ஓட்டமும் தெறிப்புமாகப் போகிறது. மூல ஏட்டில் தோனிசெத்தி கண்ணாடி ஹார்மோனிகா என்ற அபூர்வ வாத்தியத்தைத்தான் துணைக்கு எழுதினார். 1835-இன் அரங்கேற்றத்துக்கு முன் அதைப் புல்லாங்குழலாக மாற்றினார். இன்று எல்லாரும் காத்திருக்கும் கடைசி 'ஈ பிளாட்' அவர் எழுதியது அன்று, பாடகியர் சேர்த்தது. வெறும் சர்க்கஸாக அந்த ஸ்வரத்தைப் பாடுபவரிடம் லூச்சியா காணாமல் போய்விடுகிறாள்.

அந்த முதல் பருவம் முடிந்தபோது, 1884 ஏப்ரலில், நிர்வாகி ஹென்றி ஆபிக்கான உதவி நிகழ்ச்சியில் செம்பிரிக் பாடியதோடு, தெ பெரியோவின் வயலின் கான்செர்ட்டோவின் ஒரு பகுதியையும் வாசித்து, பியானோவில் சோப்பினின் மசூர்கா என்ற போலந்து நடன இசையையும் வாசித்தார். அதன்பின் பல ஆண்டுகள் ஐரோப்பிய மேடைகளில். 1898 முதல் 1909 வரை மறுபடி மெட்ரோபாலிட்டன். மொத்தம் 450-க்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள். 1900-இல் அங்கே இரவின் ராணியாகப் பாடினார். 1902-இல் போலந்து இசையமைப்பாளர் பதெரெவ்ஸ்கியின் 'மன்ரு' ஓப்பரா அங்கே மேடையேறியபோது உலானா வேடம் அவருடையது. 1903 நவம்பர் 23 அன்று இத்தாலியப் பாடகர் எனரிக்கோ கரூசோ 'ரிகொலெத்தோ'வில் நியூயார்க்கில் அறிமுகமானபோது கில்டாவாக உடன் பாடியவரும் அவரே. 1906-இல் சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தில் சுற்றுப்பயணக் குழுவின் உடைமைகள் அழிந்தன. வாத்தியக்காரர்களுக்கும் கூட்டுப்பாடகர்களுக்கும் உதவ அவர் ஒரு கச்சேரி செய்தார். 1909 பிப்ரவரி 6 அன்று ஓப்பரா மேடையிலிருந்து விடைபெற்றார். அப்போது வயது 50. தனிப்பாடல் கச்சேரிகள் இன்னும் சில ஆண்டுகள் தொடர்ந்தன.

50 வயதில் குரல் இருக்கும்போதே இறங்கியதை மேலோட்டமாக நினைக்க முடியாது. கனத்த வேடத்தை மெல்லிய குரல் திரும்பத் திரும்பப் பாடினால் வாத்தியக் குழுவைத் தாண்டுவதற்காகக் குரல்நாண்களை இறுக்கி மூட வேண்டிவரும். முதலில் போவது ட்ரில். பிறகு மெல்லிய உயர் ஸ்வரம். கடைசியில் விப்ராட்டோ நொடிக்கு ஐந்துக்கும் கீழே இறங்கி, விரிந்து, தள்ளாடத் தொடங்கும். செம்பிரிக் பெரும்பாலும் மோட்சார்ட், ரோசினி, பெல்லினி, தோனிசெத்தி, வெர்தியின் இலகுவான வேடங்கள் என்ற வட்டத்துக்குள்ளேயே நின்றார்.

அதற்காக வட்டத்தைத் தாண்டவே கூடாது என்றில்லை. இன்றைய போலந்து சோப்ரானோ அலெக்சாந்த்ரா குர்சாக்கும் வயலினில் தொடங்கியவர்தான். 1977-இல் பிறந்தவர்; தாய் ஓப்பராப் பாடகி. 2004-இல் மெட்ரோபாலிட்டனில் 'ஹாஃப்மனின் கதைகள்' ஓப்பராவின் இயந்திரப் பொம்மை ஒலிம்பியாவாக அறிமுகமானார். முழுக்க முழுக்கக் கொலரத்தூரா வேடம். பிறகு வியொலெத்தா, மிமி என்று கனம் கூடிய வேடங்களுக்கு மெல்ல நகர்ந்து, ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுகள் கழித்து அதே மேடையில் கனத்த வேடமான தோஸ்காவாகப் பாடினார். அந்த இடைவெளிதான் கவனிக்க வேண்டியது.

சொற்கள் ஏன் புரிவதில்லை

சோப்ரானோ உயரத்தில் பாடும்போது இத்தாலியருக்கே சொல் புரிவதில்லை. உச்சரிப்புச் சோம்பல் இதற்குக் காரணமன்று. வாய்க்குழியின் முதல் ஒத்ததிர்வை வைத்துத்தான் காது உயிரெழுத்துகளைப் பிரித்தறிகிறது. 'ஈ', 'ஊ' இரண்டுக்கும் அது சுமார் 300, 400 ஹெர்ட்ஸ். 'ஆ'வுக்கு 900-ஐ ஒட்டி. பாடும் சுருதியே 800 ஹெர்ட்ஸ் என்றால் 'ஈ'யின் ஒத்ததிர்வுக்கு அங்கே வேலையே இல்லை. பாடகி தாடையைத் திறந்து ஒத்ததிர்வைச் சுருதியின் உயரத்துக்குக் கொண்டுவருகிறார். அப்போதுதான் ஒலிபெருக்கி இல்லாமல் 3,000 பேர் அரங்கின் கடைசி வரிசைக்குக் குரல் போய்ச் சேரும். ஆனால் எல்லா உயிரும் 'ஆ'வை நோக்கிச் சாய்ந்துவிடும். நல்ல இசையமைப்பாளர்கள் இதனால்தான் முக்கியமான சொல்லை நடு ஸ்தாயியில் வைத்து, உயரத்தில் பழைய சொல்லையே திருப்பிப் பாட விடுகிறார்கள்.

பழைய தட்டுகளைக் கேட்கும்போது

செம்பிரிக் 1903-இல் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்துக்கும், 1904 முதல் விக்டர் நிறுவனத்துக்கும் பாடினார். அப்போது மைக் கிடையாது. பாடகி பெரிய தகரக் கொம்பின் முன் பாட, அதிர்வு நேராக ஊசியை அசைத்து மெழுகில் பள்ளம் வெட்டும். அதில் ஏறத்தாழ 200 முதல் 2,500 ஹெர்ட்ஸ் வரைதான் பதியும். 880 ஹெர்ட்ஸில் ஒரு ஸ்வரத்தைப் பாடினால் 1,760, 2,640, 3,520 என்று அதன் மேலொலிகள் வரிசையாக இருக்கும். தட்டில் மிஞ்சுவது 880-உம் 1,760-உம் மட்டுமே. குரல் வெறும் புல்லாங்குழல்போல் மெலிந்து கேட்பது அதனால்தான். தாழ்ந்த ஆண் குரலுக்கு அதே கொம்பில் பத்து மேலொலிகள் மிஞ்சும். கரூசோவின் தட்டுகள் கனமாக ஒலிப்பதற்கும் இதுவே காரணம். செம்பிரிக்கின் குரல் அவ்வளவுதான் என்று தீர்ப்பு எழுதிவிட வேண்டாம்.

வேகத்தையும் சரிபார்க்க வேண்டும். அக்காலத் தட்டுகள் எல்லாம் நிமிடத்துக்குச் சரியாக 78 சுற்று அல்ல. நாலரைச் சுற்று கூடினால் சுருதி அரைச் ஸ்வரம் ஏறிவிடும். விப்ராட்டோவும் பதற்றமாகக் கேட்கும். பாட்டு எந்தச் சுருதியில் எழுதப்பட்டது என்று தெரிந்துகொண்டு, பியானோவில் ஒப்பிட்டு, மென்பொருளில் வேகத்தைத் திருத்திக் கேட்டால் அதே தட்டு வேறு பாடகியாக மாறும்.

எதில் தொடங்கலாம்? 1908-இல் கரூசோ, ஸ்கோத்தி, ஜூர்னே ஆகியோருடன் பதிந்த லூச்சியாவின் அறுவர் பாட்டு புகழ்பெற்றது. ஒரே பக்கம் பதிந்த அந்தத் தட்டு அன்று 7 டாலருக்கு விற்றது. ஆனால் அதில் ஆறு குரல்கள் நெரிசலில் நிற்கின்றன. ஸ்ட்ராஸின் 'வசந்தத்தின் குரல்கள்' அவரது ஓட்டங்களைக் கேட்க நல்லது: முதல் தடவை ஓட்டங்களில் 'ஹ' கேட்கிறதா என்று மட்டும் பாருங்கள், இரண்டாவது தடவை ட்ரில்லின் மேல்முனையைத் தேடுங்கள், மூன்றாவது தடவை மூச்சு எடுக்கும் இடங்களைக் குறியுங்கள்.

அதன்பின் சோப்பினின் 'ஸிச்செனியெ' (விருப்பம்) என்ற சின்னப் பாட்டுக்குப் போகலாம். விட்வித்ஸ்கியின் போலிஷ் கவிதை, மசூர்கா நடை. 'செவில் நகர நாவிதன்' ஓப்பராவில் பாட்டு வகுப்புக் காட்சி ஒன்று உண்டு. அங்கே பாடகி தன் விருப்பப்படி வேறு பாட்டைச் செருகிக்கொள்ளும் வழக்கம் இருந்தது. செம்பிரிக் அந்த இடத்தில் தானே பியானோ முன் உட்கார்ந்து, தனக்குத் தானே வாசித்தபடி, இதைத் தாய்மொழியில் பாடுவார்.

1924-இல் பிலடெல்பியாவின் கர்ட்டிஸ் இசைக்கழகத்தில் குரல் துறைக்குத் தலைமை ஏற்றார். நியூயார்க்கில் ஜூலியர்ட் பள்ளியிலும் கற்றுக்கொடுத்தார். ஆல்மா க்ளக், துசொலினா ஜன்னினி இருவரும் அவருடைய மாணவிகள். கோடையில் நியூயார்க் மாநிலத்தின் ஜார்ஜ் ஏரிக்கரையில் போல்ட்டன் லேண்டிங் என்ற ஊரில் அவர் பாடம் நடத்திய சிறு கூடம், 1935 ஜனவரி 11 அன்று அவர் மறைந்தபின் அருங்காட்சியகமாயிற்று. இன்றும் அங்கே கோடைக் கச்சேரிகள் நடக்கின்றன.